ஜாஸ்மினின் காதும் என் முதல் சாட்சியும்

என் மகள் ஜாஸ்மினுக்கு இடது காது சரியாகக் கேட்காது. பிறந்தபோது இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்டன. ஆறு வயதில் சளியால் வந்த கோளாறு அது. ஒரு சின்ன ஆபரேஷனோடு முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனதற்கு டாக்டர் காரணமில்லை, எங்கள் வசதிக் குறைவு காரணமில்லை, ஆண்டவர் நிச்சயமாகக் காரணமில்லை. பெற்ற தாயாகிய நான்தான் காரணம்.

அன்புள்ள சகோதர சகோதரிகளே, உங்களில் சிலர் என்னை முன்பே பார்த்திருப்பீர்கள். 2001, 2002 ஆண்டுகளில் விழுப்புரத்திலும் கோலியனூரிலும் திண்டிவனத்திலும் செபக்கூட்டங்களில் இதே காதைப் பற்றி நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். அன்று எனக்காகக் கைதட்டியவர்கள் இன்று கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இன்றும் வந்திருக்கிறேன். ஆனால் அன்று சொன்ன செபம் வேறு, அவர் கேட்ட செபம் வேறு.

என் பெயர் ஸ்டெல்லா. விழுப்புரத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் கணவர் அருளப்பன் கோலியனூர் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் பேசுவது குறைவு. எனக்கு வாய் நீளம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செபக்கூட்டத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் நான்தான்.

2000 டிசம்பரில் ஜாஸ்மினுக்குச் சளி பிடித்தது. கிறிஸ்துமஸ் முடிந்தது, சளியும் போனது. ஆனால் பிள்ளை மாறிவிட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். டிவிக்கு முன்னால் போய் மூக்கு உரச உட்காருவாள். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவாள். நான்கு முறை கூப்பிட்ட பிறகு, "என்னாம்மா?" என்பாள். திமிர் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சரும், "சொன்னத காதுல வாங்கறதே இல்ல" என்றார். அன்று வீட்டுக்கு வந்து அவள் காதைப் பிடித்துத் திருகினேன். சரியாக அந்த இடது காதைத்தான். அவள் அழுதாள். எதற்காக அடி வாங்குகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. இதை இப்போது சொல்லும்போதும் என் கைவிரல் கூசுகிறது.

என் கணவர்தான் முதலில் புரிந்துகொண்டார்.

"இதுக்குக் காதுல ஏதோ கோளாறு இருக்குது ஸ்டெல்லா. ஆட்டோல பக்கத்துல உக்கார வச்சிக்கினு பேசுனா, என் வாயவே பாக்குது. ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

2001 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். இரண்டு காதிலும் சவ்வுக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு பசை மாதிரி கெட்டியாகிவிட்டது, அதனால்தான் சத்தம் உள்ளே போகவில்லை என்றார். பல பிள்ளைகளுக்குத் தானாகவே வற்றிவிடுமாம். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். மே மாதம் போனபோது வற்றவில்லை. ஒரு சின்னத் தட்டில் எதையோ வைத்துக் காட்டினார். அரிசி மணியில் பாதிகூட இல்லாத ஒரு குழாய்.

"சவ்வுல சின்னதா ஒரு கீறல் போட்டு, உள்ள இருக்கற நீர உறிஞ்சி எடுத்துட்டு இத வச்சுருவோம்மா. காத்து போய் வந்துக்கினு இருக்கும். மறுபடி நீர் கோக்காது. ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அதுவே வெளிய வந்து வுழுந்துரும். சவ்வும் மூடிக்கும். கொழந்தைக்கு மயக்கம் குடுத்துத்தான் பண்ணணும். காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். எனக்கு இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. கீறல், மயக்கம். ஆறு வயதுப் பிள்ளையின் காதுக்குள் ஓட்டை போடுவதா? யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து செபம். ஆபரேஷன் இல்லாமல் குணமாக வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல். எப்படிக் குணமாக்க வேண்டும் என்று ஆண்டவருக்கே வழி சொல்லிக்கொடுத்தேன்.

ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை. இரண்டு நாளாக ஜாஸ்மினுக்குக் காய்ச்சல், காதுவலி. துடித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செபக்கூட்டத்துக்குப் போனேன். எல்லோரும் அவள் தலைமேல் கை வைத்துச் செபித்தார்கள். பாதிச் செபத்தில் அவள் அழுகை நின்றது. என் தோளில் ஈரமாக ஏதோ வழிந்தது. அப்படியே தூங்கிப்போனாள். அரை மணி நேரம் கழித்துக் கண்விழித்து, "வலிக்கலம்மா" என்றாள்.

உடனே எழுந்து நின்றேன். "டாக்டருங்க கத்தி வைக்கணும்னு சொன்னாங்க. ஆண்டவரு கத்தி இல்லாமலே செஞ்சிட்டாரு. என் பொண்ணுக்கு இப்ப நல்லா காது கேக்குது" என்றேன். கூட்டம் முழுவதும் கைதட்டியது. சிலர் அழுதார்கள். நானும் அழுதேன்.

வலி நின்றது உண்மை. கேட்கிறதா என்று நான் அவளைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் நீளம் என்று சொன்னேனே, அது ஓடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருந்தாள். தூக்கக் கலக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவோரம் நின்று என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழம டாக்டர்கிட்ட இட்டுக்கினு போலாம்."

"கூட்டத்துல அத்தன பேருக்கு முன்னால சொல்லிட்டு வந்து, திங்கக்கெழமயே போய் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா நாலு பேரு என்னாங்க பேசுவாங்க? விசுவாசம் இல்லன்னு ஆயிடாது?"

"யாரு போவ வேணாம்னு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் செபக்குழுவை நடத்தும் அண்ணன் ஒவ்வொரு கூட்டத்திலும், மருந்து சாப்பிடுகிறவர்கள் நிறுத்தாதீர்கள் என்று சொல்லித்தான் முடிப்பார். திருச்சபை என்னைத் தடுக்கவில்லை. என் வாயால் நானே போட்டுக்கொண்ட பூட்டு அது. என் கணவர் கேட்டதும் பேச்சை மாற்றினேன். அவரும் விட்டுவிட்டார். விட்டது தன் தப்பு என்று இன்றைக்கும் சொல்லுவார்.

அதற்குப் பிறகு அழைப்புகள் வந்தன. ஆகஸ்டில் கோலியனூரில் ஒரு கூட்டம். மேடையில் ஜாஸ்மினை என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். நான் சொல்லி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, ஆசையோடு, அவளுக்குப் பின்னால் போய் நின்றார். "பாப்பா, நான் பேசறது கேக்குதா?" என்றார். அவள் அசையவில்லை. கூட்டம் அவளையே பார்த்தது.

அவள் கை என் கைக்குள் இருந்தது. நான் அழுத்தினேன்.

பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "கேக்குதுங்க" என்றாள். கைதட்டல் எழுந்தது.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கையை அழுத்தினால் "கேக்குதுங்க, ஆண்டவரு கொணமாக்கினாரு" என்று சொல்ல வேண்டும் என்பதைத் தானாகக் கற்றுக்கொண்டாள். இப்படி ஒன்றரை வருடம், ஏழெட்டுக் கூட்டங்கள். இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் அவள் கடைசி பெஞ்சுக்குப் போனாள். இடது காதிலிருந்து அவ்வப்போது சீழ் வந்தது, நாற்றமும் வந்தது. கூட்டத்துக்குக் கிளம்பும் முன் பஞ்சால் துடைத்து, காதோரம் பவுடர் போட்டுவிடுவேன். ஆம், பவுடர் போட்டேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் முதலில் சொல்லவில்லை.

2002 டிசம்பரில் திண்டிவனத்தில் ஒரு சனிக்கிழமைக் கூட்டம். நல்ல பனி. கூட்டம் முடிந்து நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மஃப்ளரால் தலையோடு வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தார். பெயர் தேவசகாயம், பஸ் கண்டக்டர் என்றார்.

"மூணு மாசமா எனக்கும் இந்தக் காது அடைச்சிக்கினு இருக்குது தங்கச்சி. சளி வந்து போச்சி, அடைப்பு போவல. யாரு பேசினாலும் கெணத்துக்குள்ள நின்னுக்கினு பேசற மாதிரி இருக்குது. என் கொரலு எனக்கே மண்டைக்குள்ள இடிக்குது. பஸ்ல ஜனங்க கேக்கறது ஒண்ணும் வெளங்கல, திட்டறாங்க. ரொம்ப பேஜாரா போச்சி. டாக்டரு குழாய் வைக்கணும்னு சொல்லி, வர்ற திங்கக்கெழம வரச் சொல்லிக்கிறாரு. உங்க சாட்சியக் கேட்டேன் பாருங்க, மனசு லேசாயிடுச்சி. எதுக்கு நமக்குக் கத்தி? வேணாம்னு சொல்லிடப் போறேன்."

பெரியவர்களுக்கும் இது வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் என்னை அடித்துப் போட்டது அது இல்லை. கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி என்றாரே, அதுதான். ஜாஸ்மினுக்கு உலகம் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவளுக்கு அதைச் சொல்ல வார்த்தை கிடையாது. இந்த மனிதர் சொல்லிவிட்டார்.

அவர் குனிந்து, மஃப்ளரை விலக்காமலே அவளிடம் கேட்டார். "ஏன் பாப்பா, உனக்கும் கெணத்துக்குள்ள இருக்கற மாதிரிதான் இருந்துச்சா?"

வாய் மூடியிருந்ததால் அவர் கேட்டது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். என்னால் அழுத்த முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளாகவே சொன்னாள்.

"கேக்குதுங்க. ஆண்டவரு கொணமாக்கினாரு."

அவர் சிரித்தார். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துத் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் ஜாஸ்மின் உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு பார்த்தேன். எதிரே ஒரு பெண் வாயசைத்துக் கொண்டிருந்தாள். ஒன்றும் புரியவில்லை. மயிலம் கூட்ரோடு வரைக்கும் விரலை எடுக்காமல் வந்தேன். என் பிள்ளை இப்படித்தான் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் படித்திருக்கிறாள். இப்படித்தான் என்னிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

அங்கே பஸ்ஸிலேயே செபித்தேன். இந்த முறை காதைக் கேட்கவில்லை. "ஆண்டவரே, அந்த மனிதன் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டுவிடக் கூடாது. அவர் வீடு எனக்குத் தெரியாது. அவரைக் கண்ணில் காட்டும். காட்டினால் உண்மையைச் சொல்ல எனக்கு வாயைத் திறந்துவிடும். பொய்க்கு ஓடின வாய் இது. உண்மைக்கு வரவில்லை" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் நேர்மையான செபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னேன், கையை அழுத்தியது முதற்கொண்டு. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "காலைல முதல் பூசைக்கே திண்டிவனம் போயிடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். கோவிலில் அவர் இல்லை. வெளியே விசாரித்தோம். டூட்டிக்குப் போயிருப்பார், ஆனால் இந்த வாரம் அவருக்குச் சென்னை வண்டி, ராத்திரிதான் திரும்புவார் என்று ஒருவர் சொன்னார். இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்தோம். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. ஜெபமாலை சொல்லிக்கொண்டே வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்தேன். ஒரு மணி வாக்கில் விழுப்புரத்திலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. பின் படியிலிருந்து மஃப்ளரோடு அவர் இறங்கினார். கூட வேலை செய்கிறவருக்கு வீட்டில் விசேஷமாம். அவருக்காக வண்டியை மாற்றிக்கொண்டாராம். நீங்கள் இதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆண்டவர் என்றுதான் சொல்லுவேன்.

ஓடிப்போய், "அண்ணே, நான் சொன்ன சாட்சி பொய்ங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். சுற்றிலும் ஜனம்.

"என்னாது?" என்று காதில் கையை வைத்தார்.

"சாட்சி பொய்ங்கண்ணே."

"வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கல தங்கச்சி. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

கத்தினேன். என் பாட்டுக் குரல் முழுவதையும் போட்டுக் கத்தினேன். "என் பொண்ணுக்குக் காது கேக்கல. நான் பொய் சொன்னேன். கையை அமுக்கி அவளையும் சொல்ல வச்சேன். நீங்க டாக்டர்கிட்ட போவணும்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்துவிடும் என்று கேட்டேன் அல்லவா, ஆண்டவர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரித் திறந்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஒன்றரை வருடமாக உட்கார்ந்திருந்த கல் அப்போதுதான் நகர்ந்தது.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஜாஸ்மினைப் பார்த்தார். மஃப்ளரை அவிழ்த்தார்.

"நான் போறேன். நீங்க எப்ப போறீங்க?"

"நாளைக்கே போறோங்க" என்றார் என் கணவர்.

தேவசகாயம் அண்ணன் காட்டியதும் விழுப்புரத்தில் அதே டாக்டர்தான். திங்கட்கிழமை காலை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். மூக்குக்குப் பின்னால் வேறு கோளாறு எதுவும் இல்லை என்று முன்பே பார்த்துவிட்டதால், அவரை முதலில் உள்ளே அழைத்தார்கள். பெரியவர்களுக்கு மயக்கம்கூடத் தேவையில்லையாம். காதை மட்டும் மரத்துப்போக வைத்து, உட்கார்ந்தபடியே குழாய் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தவர் இரண்டு அடி நடந்துவிட்டு நின்றார்.

"யாரு இப்படி செருப்ப இழுத்துக்கினு நடக்கறது?" என்று சுற்றிப் பார்த்தார். அவருடைய செருப்புதான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் சிரித்தோம். ஜாஸ்மின் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

பிறகு அவளைப் பார்த்தார் டாக்டர். பழைய சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலது காதில் நீர் இன்னும் இருக்கிறது, குழாய் வைத்தால் சரியாகிவிடும் என்றார். இடது காதைப் பார்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"இதுக்குக் குழாய் வைக்கற கட்டம் தாண்டிடுச்சிம்மா. சவ்வு உள்ள இழுத்துக்கினு போய், சீழ் புடிச்சி, சத்தத்தக் கடத்தற சின்ன எலும்பே அரிச்சிப் போயிருக்கு. இது பெரிய ஆபரேஷன், புதுச்சேரியில பண்ணணும். கிருமி மேல பரவாம தடுக்கலாம். கேக்கறது திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

"அன்னைக்குக் கூட்டத்துல வலி நின்னுச்சே டாக்டர்?" என்று கேட்டேன். இன்னும் எதையோ பிடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

"உள்ள அழுத்தம் தாங்காம சவ்வு கிழிஞ்சிருக்கும். கிழிஞ்சா வலி நின்னுடும். அப்பவே வந்திருந்தீங்கன்னா..." சீட்டு எழுத ஆரம்பித்தார்.

அன்று வலியை நிறுத்தியது ஆண்டவர்தான் என்று இன்றும் நம்புகிறேன். துடித்த பிள்ளைக்குத் தூக்கம் கொடுத்தார். அடுத்த நாள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு என்று எனக்கு அவகாசமும் கொடுத்தார். நான் அந்த அவகாசத்தை மேடைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

2003 ஜனவரியில் வலது காதுக்குக் குழாய் வைத்தார்கள். மயக்கம் கொடுத்து அவளை உள்ளே தூக்கிப்போனதும் ஆஸ்பத்திரி நடையில் முழங்காலில் விழுந்தேன். "ஒரு காதாவது கொடும் ஆண்டவரே, ஒரு காது போதும்" என்று அழுதேன். கேட்டது கிடைத்தது. பல இரவுகள் எனக்கு ஓர் எண்ணம் வரும். இரண்டு காதையும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ? பேராசைப்பட்டாவது கேட்டிருக்கலாமே? அப்போது என்னால் முடியவில்லை. இரண்டைக் கேட்க எனக்கு முகமில்லை.

மதியம் கண்விழித்தாள். நான் பக்கத்திலிருந்த நர்ஸிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். ஜாஸ்மின் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா கத்தற? நீ எப்பவும் இப்படித்தான் கத்துவியா?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு, என் வாயைப் பார்க்காமல் என் குரலைக் கேட்டிருக்கிறாள். நர்ஸ் சிரித்தாள். நான் ஜாஸ்மினின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மின்விசிறி சத்தம் போடுகிறது, நிறுத்து என்றாள். நிறுத்தினேன். வியர்த்துக் கொட்டியது, நாங்கள் யாரும் மறுபடி போடவில்லை.

அடுத்த முதல் சனிக்கிழமை எங்கள் செபக்கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. கூட்டத்தின் பேரைக் கெடுத்துவிட்டாய் என்று சிலர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். சொன்னது நியாயம்தான். பாட்டு எடுத்துக் கொடுப்பதை நானே விட்டுவிட்டேன். சாட்சி சொன்ன கூட்டம் ஒவ்வொன்றுக்கும் திரும்பப் போய்ச் சொன்னேன். கோலியனூரில் அந்தப் பெரியவரைத் தேடிப் போனபோது அவர் காலமாகியிருந்தார். அவரிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

மே மாதம் புதுச்சேரியில் இடது காதுக்கு ஆபரேஷன் நடந்தது. சீழ் நின்றது, ஆபத்து நீங்கியது. கேட்கும் திறன் வரவில்லை. வலது காதின் குழாய் பத்தாவது மாதம் தலையணையில் விழுந்து கிடந்தது. அந்தக் காது இன்றுவரை நன்றாக இருக்கிறது. தேவசகாயம் அண்ணனுக்கும் அப்படியே விழுந்து சரியாகிவிட்டது. விழுந்த குழாயைத் தீப்பெட்டியில் போட்டுக் கொஞ்ச நாள் பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாராம்.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது 2014. ஜாஸ்மினுக்குப் பத்தொன்பது வயது. விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிறாள். வகுப்பில் இடது ஓரமாக, முதல் பெஞ்சில் உட்காருவாள், நல்ல காது எல்லோர் பக்கமும் இருக்கும்படி. ரோட்டில் நடக்கும்போது என் கணவர் எப்போதும் அவளுக்கு இடது பக்கம், வண்டி வந்தால் கேட்காத பக்கம், போய்விடுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஒன்று மட்டும் இன்னும் மாறவில்லை. ஏதாவது அவள் காதில் விழாவிட்டால், "என்ன சொன்னீங்க?" என்று கேட்க மாட்டாள். சிரித்துத் தலையை ஆட்டிவிடுவாள். கேட்டது போலக் காட்டிக்கொள்ளுவாள். டாக்டரால் அதற்கு மருந்து கொடுக்க முடியாது. அது சளியால் வந்ததில்லை, என்னால் வந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ஒரு முறை இல்லை, பல முறை. "வுடும்மா" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்களோடு வருவாள். செபக்கூட்டத்துக்கு மட்டும் வர மாட்டாள். நானும் வற்புறுத்துவதில்லை.

இப்போது யாராவது பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னால், அன்றே நான் கூட வருகிறேன், டாக்டரிடம் போகலாம் என்று கிளம்பிவிடுவேன். டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் வெளியே உட்கார்ந்து செபிப்பேன். செபத்துக்கு அது நல்ல இடம். அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். முழுதாக நம்புங்கள். டாக்டர் வீட்டு வாசலிலும் அவர் நிற்பார் என்று நம்புங்கள். உங்கள் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன் ஒரு முறை அதன் பின்னால் போய் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சாட்சி சொல்ல அவசரப்படாதீர்கள். குணமானது உண்மையாக இருந்தால் அடுத்த மாதமும் அது உண்மையாகவே இருக்கும். நான் கடவுளிடம் காது கேட்டேன், அவர் முதலில் எனக்கு உண்மை பேசும் வாயைத் தந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். இன்னும் முன்னாலேயே கேட்காமல் போனேனே என்றுதான் அழுகிறேன்.

இன்று இங்கே வந்து இதைச் சொல்ல அவளிடம் அனுமதி கேட்டேன். அன்று கேட்கவில்லை, இன்றாவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சொல்லும்மா" என்றாள். உனக்காகச் செபிக்கச் சொல்லி எல்லோரிடமும் கேட்கட்டுமா என்றேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"எனக்கு வேணாம்மா. உனக்காக செபிக்கச் சொல்லு" என்றாள்.

அதனால் சகோதர சகோதரிகளே, எனக்காகச் செபித்துக்கொள்ளுங்கள்.